பவளப்பாறைச் சிகரத்தில் முக்குளிக்கும் முறை

வெப்பமண்டலக் கடல்களில், ஆழமான அடித்தரையிலிருந்து தனித்து எழுந்து, நீர்மட்டத்தை ஒட்டியோ அதற்குச் சற்றுக் கீழேயோ முடிந்துவிடுகிற பாறைகள் உண்டு. அந்தமான் கடலில் தாய்லாந்தின் சுரின் தீவுகளை அடுத்துள்ள ரிச்செலியு பாறை, தாய்லாந்து வளைகுடாவில் தாவோ தீவுக்கு வடமேற்கே உள்ள சும்போன் சிகரம், இந்தோனேசியாவின் கொமோடோ பகுதியிலுள்ள பாத்து போலோங், மாலத்தீவு மக்கள் ‘திலா’ என்று அழைக்கும் மேடுகள் ஆகியவை இவ்வகையில் புகழ்பெற்றவை. கரையோரப் பவளத்திட்டுகளில் ஸ்கூபா முக்குளிப்புப் பழகிய ஒருவர் இத்தகைய சிகரத்துக்கு வரும்போது எவற்றை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதையே இங்கு விளக்குகிறேன். முக்குளிப்பையே முதன்முறையாகக் கற்பவருக்கு இது பாடமாகாது. அதற்குத் தகுதிபெற்ற பயிற்றுநரிடம்தான் செல்ல வேண்டும்.

சிகரத்தின் வளத்துக்கும் இடருக்கும் காரணம் ஒன்றே, நீரோட்டம். திறந்த கடலில் தடையின்றி வரும் ஓட்டம் பாறையில் மோதும்போது அதன் ஒரு பகுதி மேல்நோக்கித் திரும்பி, ஆழத்திலுள்ள குளிர்ந்த, சத்து மிகுந்த நீரையும் அதில் மிதக்கும் நுண்ணுயிர்களையும் மேலே கொண்டுவருகிறது. அந்நுண்ணுயிர்களை உண்ணச் சிறு மீன்களும், அவற்றை வேட்டையாடப் பாரை மீன்களும் சீலா மீன்களும் கூடுகின்றன. சில பருவங்களில் திமிங்கலச் சுறாவும் வருகிறது. ஆகவே ஓட்டமே இல்லாத நாளில் சிகரம் பெரும்பாலும் மந்தமாகத்தான் இருக்கும். கரையோரத் திட்டில் ஓட்டம் உங்களை இழுத்துச் சென்றாலும் பக்கத்தில் பவளம் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். சிகரத்திலோ, பத்து மீட்டர் விலகினாலே சுற்றிலும் நீலம்தான். கீழே தரை தெரியாது, மேலே படகு தெரியாது. எனவே இங்கே திட்டம் முழுவதும் ஓட்டம் எந்த முகத்தில் மோதுகிறது என்னும் ஒரு கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும்.

தகுதியும் நாளும்

அடிப்படைச் சான்றிதழ் பெற்றவருக்குப் பயிற்சி நிறுவனங்கள் பரிந்துரைக்கும் எல்லை 18 மீட்டர். அடுத்த நிலைக்கு 30 மீட்டர். பொழுதுபோக்கு முக்குளிப்பின் மொத்த எல்லை 40 மீட்டர். மாலத்தீவில் சட்டமே 30 மீட்டருக்குக் கீழே செல்லக் கூடாது என்கிறது. பல சிகரங்களின் அடிவாரம் 30 மீட்டரைத் தாண்டி இருப்பதால், சான்றிதழிலுள்ள எண்ணை விட உங்கள் மிதப்புக் கட்டுப்பாடு எவ்வாறு இருக்கிறது என்பது முக்கியம். கயிற்றையோ பாறையையோ பிடிக்காமல், 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம், ஒரு மீட்டர் ஏற்ற இறக்கத்துக்குள் நிற்க முடியுமா என்று எளிதான இடத்தில் முதலில் சோதித்துப் பாருங்கள். முடியாதென்றால் சிகரத்தை அடுத்த பயணத்துக்கு ஒத்திவைப்பதே நல்லது. இதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். காற்று குறைந்து, ஓட்டம் இழுக்கும் நிலையில், கண்ணுக்கெட்டிய தொலைவில் பிடிமானம் ஏதுமின்றி நிற்க வேண்டியது அந்த 5 மீட்டரில்தான்.

எடைப் பட்டியை அளவிடுவதும் இதனோடு சேர்ந்ததே. 11 லிட்டர் அலுமினிய சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைத்த காற்று இரண்டரை கிலோவுக்கும் சற்று மிகுதியான எடை கொண்டது. முக்குளிப்பின் முடிவில் அதில் பெரும்பகுதி தீர்ந்திருக்கும் என்பதால், தொடக்கத்தில் சரியாக இருந்த எடை முடிவில் போதாமல் போய், உங்களை மேலே தூக்கிவிடக்கூடும். சிலிண்டரில் 50 பார் மட்டும் மிஞ்சியிருக்கும்போது 5 மீட்டரில் அமைதியாக நிற்க முடிகிற எடையே உரிய எடை.

நாளைத் தெரிவு செய்வதில் நிலவின் கணக்கு உதவும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் நாள்களில் கடல்மட்டத்தின் ஏற்றவற்றம் மிகுதி, ஆதலால் ஓட்டமும் வலுவானது. அட்டமியை ஒட்டிய நாள்களில் இரண்டும் தணிந்திருக்கும். புதியவர் முதல் முறை செல்வதற்கு அட்டமியைச் சுற்றிய நாள்களே ஏற்றவை. ஒரே நாளுக்குள்ளும், ஏற்றம் வற்றமாகத் திரும்பும் இடைவேளையில் ஓட்டம் சற்று நேரம் அடங்கும். ஆயினும் அட்டவணையில் உச்ச ஏற்றம் என்று குறித்த நிமிடமும் பாறையில் ஓட்டம் அடங்கும் நிமிடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அடித்தரையின் வடிவத்தைப் பொறுத்து முன்பின் ஆகும். இதை அவ்விடத்தில் நெடுங்காலம் படகோட்டியவரிடம் கேட்பதை விடச் சிறந்த வழி இல்லை. பருவமும் கவனிக்கத்தக்கது: சுரின் தீவுகள் தேசியப் பூங்கா, தென்மேற்குப் பருவக்காற்றின் காரணமாக, மே மாத நடுவிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை மூடப்பட்டிருக்கும்.

சளி, காது அடைப்பு, இரவுத் தூக்கமின்மை இருந்தால் இறங்க வேண்டாம். இதில் விளக்க ஒன்றுமில்லை.

காற்றுக் கணக்கு

கடல்நீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் ஏறத்தாழ ஒரு பார் கூடுகிறது. நீர்மட்டத்தில் ஒரு பார் என்றால் 30 மீட்டரில் நான்கு பார். மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர் அங்கே 80 லிட்டர் இழுப்பார். 11 லிட்டர் சிலிண்டரை 200 பாருக்கு நிரப்பினால் கிடைப்பது ஏறத்தாழ 2,200 லிட்டர். அதை முழுவதும் தீர்த்தாலும் 30 மீட்டரில் அரை மணிக்கும் குறைவாகவே நீடிக்கும்.

‘50 பார் வந்ததும் ஏறத் தொடங்கு’ என்று பலரும் பழக்கமாகச் சொல்வதைச் சிகரத்தின் அடிவாரத்தில் பின்பற்றுவது ஆபத்து. 50 பார் என்பது படகுக்குத் திரும்பும்போது மிஞ்சியிருக்க வேண்டிய அளவு; ஆழத்தை விட்டுக் கிளம்புவதற்குரிய அளவு அன்று. உங்களோடு சேர்ந்து முக்குளிக்கும் இணையரின் காற்று 30 மீட்டரில் திடீரென நின்றுவிட்டதாகக் கொள்வோம். பதற்றத்தில் இருவரும் ஆளுக்கு 30 லிட்டர் வீதம் இழுத்தால், நிமிடத்துக்கு 60 லிட்டர். அங்கேயே நிலைமையைச் சீர்செய்ய ஒரு நிமிடம் ஆனால் 240 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வீதம் 5 மீட்டர் வரை ஏற ஏறத்தாழ மூன்று நிமிடம். சராசரி அழுத்தம் 2.75 பார் என்பதால் இன்னும் 500 லிட்டர். ஏறும் வழியில் 5 மீட்டரில் நிற்கும் பாதுகாப்பு நிறுத்தத்தில் மூன்று நிமிடத்துக்கு 270 லிட்டர், கடைசி ஐந்து மீட்டருக்கு 75 லிட்டர். மொத்தம் 1,085 லிட்டர், அதாவது அந்தச் சிலிண்டரில் கிட்டத்தட்ட 100 பார். எனவே 30 மீட்டரில் 100 பாருக்குக் கீழே முள் இறங்கும் முன் நீங்கள் ஏறத் தொடங்கியிருக்க வேண்டும். 20 மீட்டருக்கும் இதே முறையில் நீங்களே கணக்கிட்டு, படகில் அமர்ந்திருக்கும்போதே இணையரோடு அந்த எண்களைப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

காற்றைத் தவிர நேரமும் ஓர் எல்லை. பரவலாகப் பயன்படும் அட்டவணைப்படி, சாதாரணக் காற்றில் 30 மீட்டரில் அழுத்தநீக்க நிறுத்தம் (உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற, ஏறும் வழியில் கட்டாயமாக நிற்பது) தேவைப்படாமல் இருக்கக்கூடிய நேரம் 20 நிமிடம். 18 மீட்டரில் 56 நிமிடம். ஆக்சிஜன் 32 விழுக்காடு கலந்த நைட்ராக்ஸ் இந்த நேரத்தை நீட்டிக்கிறது, ஆனால் ஆழத்தைச் சுருக்குகிறது: ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 1.4 பாரைத் தாண்டக் கூடாது என்பதால் அதன் எல்லை ஏறத்தாழ 33 மீட்டர். 36 விழுக்காடு என்றால் 28 மீட்டரளவில் நின்றுவிட வேண்டும். சிகரத்தின் செங்குத்துச் சுவரில், மீனைப் பார்த்துக்கொண்டே ஐந்தாறு மீட்டர் கூடுதலாக இறங்கிவிடுவது மிக எளிது. 30 மீட்டரளவில் நைட்ரஜன் மயக்கமும் சேர்ந்துகொண்டு, இறங்குவதில் தவறில்லை என்று தோன்றச் செய்யும். கருவியின் எண்ணை நம்புங்கள், அந்நேரத்து மனநிலையை அல்ல.

இறங்குதல்

படகு பாறையை நெருங்கியதும் நீர்ப்பரப்பைப் பாருங்கள். கட்டுமிதவை இருந்தால் அதன் கயிறு எப்பக்கம் இழுபடுகிறது, மிதவை நீரில் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்பவை ஓட்டத்தின் திசையையும் வலிமையையும் சொல்லிவிடும். மிதவையே நீருக்கடியில் போயிருந்தால் அன்றைய திட்டத்தை மாற்றுவதே சரி. மேற்பரப்பில் ஒரு திசையிலும் ஆழத்தில் வேறு திசையிலும் ஓடுவது உண்டு என்பதால், வழிகாட்டி முதலில் இறங்கிப் பார்த்துவிட்டு வருவது வீண் வேலை அன்று.

கட்டுமிதவைக் கயிறு இருந்தால் அதை ஒட்டியே இறங்குங்கள். ஓட்டம் வலுவாக இருந்தால் கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் மூக்கை அழுத்திக் காதின் அழுத்தத்தைச் சமன் செய்யுங்கள். கயிறு இல்லாத இடத்தில், ஓட்டம் வரும் பக்கத்தில் சற்றுத் தொலைவில் படகு உங்களை இறக்கிவிடும்; நீங்கள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே ஓட்டம் பாறையிடம் கொண்டுசேர்க்கும். இம்முறையில் மேற்பரப்பில் தாமதிக்க நேரமில்லை. ஒரு நாட் வேக ஓட்டம் நிமிடத்துக்குச் சுமார் 30 மீட்டர் இழுத்துவிடும். மாஸ்க்கைச் சரிசெய்ய இரண்டு நிமிடம் நின்றால் பாறை கடந்துபோயிருக்கும். ஆகவே எல்லோரும் ஒன்றாகக் குதித்து, மிதவைச் சட்டையைக் காற்றின்றி வைத்துக்கொண்டு உடனே இறங்க வேண்டும். அதற்கு சிலிண்டர் வால்வு முழுமையாகத் திறந்திருப்பது, வாயில் வைத்து மூச்சிழுக்கும் ரெகுலேட்டர் வேலை செய்வது ஆகியவற்றைப் படகிலேயே இருமுறை சரிபார்த்திருக்க வேண்டும். காது ஒத்துழைக்காவிட்டால் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு இறங்காமல், இணையரோடு மேலே வந்து படகை அழையுங்கள்; படகு இன்னொரு முறை கொண்டுவிடும்.

பாறையைச் சுற்றுதல்

பாறையை அடைந்ததும் மீன்களைக் கவனியுங்கள். அவை ஓட்டத்தை எதிர்த்தே முகம் வைத்து நிற்கும். மென்பவளங்கள் உப்பி விரிந்திருக்கும் பக்கமும் ஓட்டம் வரும் பக்கமே. ஓட்டம் மோதி இரு பக்கமும் பிரியும் அந்த இடத்தில் நீரின் வேகம் சற்றுத் தணிந்திருக்கும். மீன் கூட்டமும் அங்கேதான் மிகுதி. அதன் இரு தோள்களில்தான் வேகம் கூடுகிறது. மறுபுறத்தில் ஒதுங்கிடம் உண்டு, ஆனால் அங்கே சுழிப்பும் ஏற்படலாம்.

நான் பரிந்துரைக்கும் பொதுத் திட்டம் இதுவே: ஒதுங்கிய பக்கத்திலோ மோதும் முகத்திலோ திட்டமிட்ட ஆழத்துக்கு முதலில் சென்று, கோயில் பிராகாரத்தை வலம் வருவதைப் போல பாறையைச் சுற்றிக்கொண்டு, ஒவ்வொரு சுற்றிலும் சில மீட்டர் மேலேறி, இறுதியில் உச்சியை அடைவது. ஆழமான பகுதி முதலில் முடிந்துவிடுவதால், அழுத்தநீக்க நிறுத்தமின்றி இருக்கக்கூடிய நேரம் பெருகிக்கொண்டே போகும். காற்றும் நிதானமாகச் செலவாகும். உச்சி 5 முதல் 10 மீட்டருக்குள் இருக்கும் பாறையானால், பாதுகாப்பு நிறுத்தத்தையும் அதன் மேலேயே சுற்றிப் பார்த்தபடி முடித்துவிடலாம். சும்போன் சிகரத்தைப் போல உச்சியே 14 மீட்டரளவில் இருந்தால், கடைசி ஏற்றம் முழுவதும் நீலத்தில் அல்லது கயிற்றில்தான் என்பதை முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டும்.

முழுச் சுற்று வர வேண்டும் என்ற பிடிவாதம் தேவையற்றது. தோளைத் தாண்டும்போது ஓட்டம் எதிர்த்தால், திரும்பி வந்து ஒதுங்கிய பக்கத்திலேயே இடமும் வலமுமாகச் சென்று மெல்ல மேலேறுவது போதும்; பாத்து போலோங் போன்ற இடங்களில் எப்போதும் இப்படித்தான் முக்குளிக்கிறார்கள். நகரும்போது பாறையிலிருந்து ஓரிரு மீட்டருக்குள்ளேயே இருங்கள். உராய்வினால் அங்கே நீரின் வேகம் குறைவு. ஓட்டத்தை எதிர்த்து உதைத்து மூச்சு வாங்கத் தொடங்கினால் காற்றுக் கணக்கு முழுவதும் குலைந்துவிடும். அப்போது பவளமில்லாத வெறும் பாறையை இரண்டு விரலால் பிடித்து நின்று, மூச்சு சீரான பின் அடுத்த முடிவை எடுங்கள். பிடிக்கும் முன் அங்கே கல்மீன் படுத்திருக்கவில்லை என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

சில சிகரங்களில் குகைப் பாதைகளும் உண்டு. தாவோ தீவுக்கும் பாங்ஙான் தீவுக்கும் இடையிலுள்ள செயில் ராக் பாறையில் புகைபோக்கி போன்ற செங்குத்துத் துளை இருக்கிறது. சுமார் 18 மீட்டரில் நுழைந்து மேலே வெளியேறலாம். உள்ளே நுழைபவர் தொடர்ந்து மூச்சு விட்டுக்கொண்டு, சட்டையிலுள்ள காற்றை வெளியேற்றியபடி மெதுவாக ஏற வேண்டும். மேலே ஒளி தெரிகிறது என்று வேகம் கூட்டுவதே அங்கு நிகழும் வழக்கமான பிழை.

கீழிழுக்கும் ஓட்டம்

ஓட்டம் பாறையின் உச்சியையோ தோளையோ தாண்டி மறுபுறம் வழியும்போது கீழ்நோக்கி இழுக்கலாம். நீங்கள் விடும் குமிழிகள் மேலே போகாமல் பக்கவாட்டிலோ கீழேயோ செல்வதும், மீன்கள் தலையை மேல்நோக்கி வைத்து நீந்துவதும், காதில் திடீரென அழுத்தம் கூடுவதும் அதன் அறிகுறிகள். முதல் அறிகுறியிலேயே வந்த வழியே திரும்பிவிட்டால் பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும். சிக்கிக்கொண்டால், அருகில் பாறை இருக்கும்போது அதைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்து வெளியேறுங்கள். பாறை எட்டாத நிலையில், சுவரை விட்டு விலகித் திறந்த கடலை நோக்கிச் சாய்வாக மேலே உதைத்து நீந்துங்கள். இவ்விழுப்பு பெரும்பாலும் சுவரை ஒட்டிய குறுகிய பகுதியிலேயே வலுவாக இருக்கும். நேர் மேலே எதிர்த்து நீந்துவதில் பயனில்லை. மிதவைச் சட்டையில் காற்று நிரப்ப நேர்ந்தால், இழுப்பு விட்ட மறுகணமே அக்காற்று உங்களை வேகமாக மேலே தூக்கும் என்பதை மறவாமல், வெளியேற்றும் வால்வில் கையை வைத்திருங்கள். மூச்சை மட்டும் ஒருபோதும் அடக்கக் கூடாது.

உயிரினங்களோடு

சிகரத்தில் பெரும்பாலான உயிர்கள் உங்களைப் பொருட்படுத்துவதில்லை. விதிவிலக்கு டைட்டன் கிளாத்தி. மணலும் பவளத் துண்டுகளும் கிடக்கும் இடத்தில் குழிபறித்து முட்டையிட்டிருக்கும் காலத்தில், இம்மீன் தன் எல்லைக்குள் வருபவரைத் துரத்திக் கடிக்கும். அதன் எல்லை கூட்டிலிருந்து மேல்நோக்கி விரிந்துகொண்டே போகும் கூம்பு வடிவம் என்பதால், பயந்து மேலேறினால் அதன் எல்லைக்குள்ளேயே இருப்பீர்கள். துடுப்புகளை அதன் பக்கம் நீட்டியபடி கிடைமட்டமாக விலகுங்கள்.

கல்மீன், சிங்கமீன் ஆகியவற்றின் முள் குத்தினால் வலி கடுமையாக இருக்கும். முக்குளிப்பை முடித்துக்கொண்டு படகுக்கு வந்து, குத்துப்பட்ட இடத்தைத் தோல் பொறுக்கும் சூட்டுள்ள நீரில், 45 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை வைத்திருக்க வேண்டும்; வெப்பம் அந்நஞ்சைச் சிதைக்கிறது. பிறகு மருத்துவரிடம் செல்வது கட்டாயம். பொந்துகளில் கைவிடாமல் இருந்தால் அஞ்சாளையால் தொல்லை இல்லை. திமிங்கலச் சுறா வந்தால் தொடாமலும் வழிமறிக்காமலும் உடலிலிருந்து மூன்று மீட்டர், வாலிலிருந்து நான்கு மீட்டர் தள்ளியே இருங்கள். அதைத் துரத்திப் போனால் பாறையை இழந்துவிடுவீர்கள். பாறையை ஒட்டி நிற்பவரிடமே அது மீண்டும் சுற்றி வரும் வாய்ப்பு கூடுதல். புதிய சிகரத்தின் முதல் முக்குளிப்பில் கேமராவைப் படகிலேயே விட்டுவிடுவது நல்லது என்பது என் கருத்து. காற்றுமானியும் ஓட்டமும் இணையரும் கேட்கும் கவனத்தை அது தின்றுவிடும்.

ஏறுதலும் மிதவைக் குழாயும்

நிமிடத்துக்கு 9 மீட்டரைத் தாண்டாமல் ஏறி, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நில்லுங்கள். பாறையை விட்டு நீலத்துக்குள் செல்லும் முன்பே, ஒளிரும் நிறமுள்ள மிதவைக் குழாயைச் சுருள்கயிற்றோடு மேலே அனுப்பிவிடுவது சிறந்தது. ஊதும்போது கயிறு சட்டையிலோ துடுப்பிலோ சிக்காமலும், சுருள் உங்கள் உடலோடு கட்டப்படாமலும் இருக்கட்டும். சிக்கினால் குழாய் உங்களையும் இழுத்துக்கொண்டு மேலே போய்விடும். ஓட்டம் உங்களை எங்கே கொண்டுசென்றாலும் படகோட்டிக்கு அந்தக் குழாயே அடையாளம், மற்ற படகுகளின் சுழலிக்கு அதுவே எச்சரிக்கை. குழுவுக்கு ஒன்று போதாது, ஆளுக்கு ஒன்று வேண்டும்.

இணையரைக் காணவில்லை என்றால் ஒரு நிமிடம் மட்டும் சுற்றிப் பார்த்துத் தேடிவிட்டு, முறைப்படி மேலே வந்து சேருங்கள். மேலே வந்ததும் சட்டையில் காற்று நிரப்பி, மாஸ்க்கைக் கழற்றாமல், ரெகுலேட்டரை வாயில் வைத்தபடியே படகைத் தேடுங்கள். படகு தொலைவில் இருந்தால் ஓட்டத்தை எதிர்த்து நீந்தாதீர்கள். குழாயை நிமிர்த்திப் பிடித்து, விசிலும் கண்ணாடியும் கொண்டு கவனத்தை ஈர்த்து, கூட்டமாகச் சேர்ந்து மிதந்திருங்கள்.

படகேறிய பின் நீர் அருந்தி, அடுத்த முக்குளிப்புக்கு முன் போதிய இடைவெளி விடுங்கள். மூட்டு வலி, மரத்துப்போதல், வழக்கத்துக்கு மாறான களைப்பு, தோலில் புள்ளிகள் தோன்றினால் அவற்றை அலைச்சலின் விளைவு என்று ஒதுக்காமல் உடனே தூய ஆக்சிஜன் அளித்து, அழுத்த அறை உள்ள மருத்துவமனையைத் தொடர்புகொள்ளச் செய்யுங்கள். இவ்வறிகுறிகள் சில மணி நேரம் கழித்தும் வெளிப்படலாம். விமானப் பயணத்துக்கு, ஒரே ஒரு முக்குளிப்பு என்றால் குறைந்தது 12 மணி நேரமும், பல நாள் தொடர்ந்து முக்குளித்திருந்தால் 18 மணி நேரமும் காத்திருப்பது முக்குளிப்போர் பாதுகாப்பு அமைப்பான டான் தரும் பரிந்துரை. கடைசி நாளின் பயணச்சீட்டை அதற்கேற்ப முன்பே பதிவு செய்துகொள்ளுங்கள்.